காணாக்கடி முதல் மாஸ்ட் செல் வரை: ஒரு நோயை அடையாளம் கண்ட வரலாறு

திடீரென்று முகமும் கழுத்தும் சிவந்து சூடாகின்றன. உடம்பெல்லாம் அரிக்கிறது. வயிறு பிசைகிறது, கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. டாக்டரிடம் போய்ச் சேரும்போது காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை!

இப்படிப்பட்ட ஒருவர் என்ன செய்வார்? அரிப்புக்குத் தோல் டாக்டரிடம் போவார். வயிற்றுக்கு வயிற்று டாக்டர். படபடப்புக்கு இதய டாக்டர். ஒவ்வொருவரும் தங்கள் பகுதியை மட்டும் சோதித்துவிட்டு "இங்கே கோளாறு எதுவும் இல்லை" என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. கடைசியில் "எல்லாம் மனக்கவலைதான், நன்றாகத் தூங்குங்கள்" என்று ஒரு மாத்திரையோடு அனுப்பி வைப்பார்கள். இப்படியே பல வருடங்கள் அலைந்தவர்கள் உலகம் முழுவதும் உண்டு.

திடீரென்று வரும் தோல் தடிப்புக்குத் தமிழில் 'காணாக்கடி' என்று ஒரு பெயர் இருக்கிறது. எது கடித்தது என்று தெரியாது, ஆனால் கடித்த மாதிரி தடித்திருக்கும். பெயர் நன்றாகத்தான் பொருந்துகிறது. ஆனால் பல நேரங்களில் கடித்தது வெளியிலிருந்து வந்த பூச்சி அல்ல. உடம்புக்குள்ளேயே இருக்கும் 'மாஸ்ட் செல்' என்ற ஒரு செல்லின் வேலை அது. தோலில் தடிப்பு, வயிற்றில் வலி, நெஞ்சில் படபடப்பு எல்லாமே ஒரே செல்லிலிருந்து வரலாம் என்பதைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகத்துக்கு நூறு வருடங்களுக்கு மேல் ஆனது. அறிகுறிகள் எப்போதும் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தன. அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அந்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

மாஸ்ட் செல் என்றால் என்ன?

மாஸ்ட் செல் எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் ஒரு வகைச் செல். மற்ற இரத்தச் செல்களைப் போல இரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்காது. தோல், குடல், மூச்சுக்குழாய் போன்ற இடங்களில் போய்த் தங்கிவிடும். வெளியுலகம் உடம்பைத் தொடும் வாசல்கள் இவை. இரத்தக் குழாய்களின் ஓரத்திலும் நரம்புகளின் பக்கத்திலும் காவல்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

அதன் வயிறு நிறையச் சின்னச் சின்னத் துகள்கள். அவற்றுக்குள் ஹிஸ்டமின், ஹெபாரின், டிரிப்டேஸ் போன்ற பொருள்கள் அடைத்து வைக்கப்பட்டிருக்கும். ஆபத்து வந்தது என்று நினைத்தால் மாஸ்ட் செல் இவற்றைச் சில நிமிடங்களுக்குள் வெளியே கொட்டிவிடும். உடனே இரத்தக் குழாய்கள் விரியும், நீர் கசியும், தோல் தடிக்கும், குடல் சுருங்கும், மூச்சுக்குழாய் இறுகும். கிருமியையும் விஷத்தையும் எதிர்க்க இது உதவும். காரணமே இல்லாமல் கொட்டினாலோ, செல்களின் எண்ணிக்கையே அளவுக்கு மீறிப் பெருகினாலோ அதுதான் மாஸ்ட் செல் நோய். எண்ணிக்கை பெருகும் வகைக்கு 'மாஸ்டோசைட்டோசிஸ்' என்று பெயர்.

1869: லண்டனில் ஒரு குழந்தை

வரலாற்றின் முதல் பக்கத்தில் இருப்பது இரண்டு வயதுப் பெண் குழந்தை. 1869-இல் எட்வர்ட் நெட்டில்ஷிப் என்ற இளம் மருத்துவர் அந்தக் குழந்தையைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அப்போது அவருக்கு வயது 24தான். பின்னாளில் அவர் கண் மருத்துவராகப் பெயர் பெற்றார்.

சாதாரணக் காணாக்கடி சில மணி நேரத்தில் தடம் தெரியாமல் மறைந்துவிடும். இந்தக் குழந்தையின் தடிப்புகள் அப்படி மறையவில்லை. பழுப்பு நிறப் புள்ளிகளாகத் தோலிலேயே தங்கிவிட்டன. காணாக்கடியில் இது ஓர் அபூர்வ வகை என்று நெட்டில்ஷிப் பதிவு செய்தார். காரணம் என்ன என்று அவருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் 'இது வழக்கமானது அல்ல' என்று கவனித்து எழுதி வைத்தார் அல்லவா, அதுதான் முதல் படி.

1878: ஒரே வருடம், இரண்டு நகரங்கள்

அடுத்து நடந்ததுதான் இந்த வரலாற்றில் மிகவும் சுவாரசியமானது. 1878-இல் லண்டனில் ஆல்ஃபிரட் சாங்ஸ்டர் என்ற மருத்துவர் இதே மாதிரி இன்னொரு நோயாளியைப் பற்றி எழுதும்போது இதற்கு ஒரு பெயர் வைத்தார். 'அர்டிகேரியா பிக்மென்டோசா'. நிறம் படியும் தடிப்பு என்று பொருள். அவருக்கே முழு நம்பிக்கை இல்லை போலும், பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார்!

அதே 1878-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இன்னொரு 24 வயது இளைஞர் தன் டாக்டர் பட்ட ஆய்வைச் சமர்ப்பித்தார். அவர் பால் எர்லிக். பிற்காலத்தில் நோபல் பரிசு (1908) வாங்கிய அதே எர்லிக்தான். அந்தக் காலத்தில் ஜெர்மனியின் சாயத் தொழிற்சாலைகளில் புதிய புதிய அனிலின் சாயங்கள் வந்துகொண்டிருந்தன. துணிக்குப் போடும் சாயத்தை எர்லிக் உடம்பின் திசுக்களுக்குப் போட்டுப் பார்த்தார். எந்தச் சாயம் எந்தச் செல்லில் ஒட்டுகிறது என்று மைக்ராஸ்கோப் வழியாகப் பார்ப்பதே அவருக்கு வேலை.

அப்படிப் பார்க்கும்போது ஒரு வகைச் செல் மட்டும் வினோதமாக நடந்துகொண்டது. அதற்குள் இருந்த துகள்கள் சாயத்தை வாங்கிக்கொண்டு சாயத்தின் நிறத்தையே மாற்றிக் காட்டின. செல் முழுக்கத் துகள்கள் நிறைந்திருந்ததால், நன்றாகத் தின்று கொழுத்த செல் என்று எர்லிக் நினைத்துவிட்டார். ஜெர்மன் மொழியில் கால்நடைகளைக் கொழுக்க வைப்பதைக் குறிக்கும் 'மாஸ்ட்' என்ற சொல்லை வைத்து 'மாஸ்ட்செல்லன்' என்று பெயரிட்டார். அந்தத் துகள்கள் தின்ற உணவு அல்ல, கொட்டுவதற்காகச் சேர்த்து வைத்த இரசாயனங்கள் என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் பெயர் மாறவில்லை. (1863-இலேயே ஃபான் ரெக்லிங்ஹவுசன் தவளையின் குடல் சவ்வில் இந்தத் துகள் செல்களைப் பார்த்திருந்தார். ஆனால் சாயத்தால் தனியாகப் பிரித்துக் காட்டிப் பெயர் வைத்தவர் எர்லிக்தான்.)

ஆக, ஒரே வருடத்தில் நோய்க்கு லண்டனில் பெயர் கிடைத்தது. அந்த நோய்க்குக் காரணமான செல்லுக்கு லைப்சிக்கில் பெயர் கிடைத்தது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது!

1887: இரண்டும் சேர்ந்தன

தொடர்பைக் கண்டவர் ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா. 1887-இல் அவர் அந்தப் பழுப்புப் புள்ளிகளின் தோலை எடுத்துச் சாயம் போட்டுப் பார்த்தபோது, உள்ளே மாஸ்ட் செல்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. நோயும் செல்லும் முதல் முறையாக ஒன்றாகத் தெரிந்தன.

இதற்குப் பின்னால் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ஃபெர்டினான் டாரியே (1856-1938) ஓர் எளிய சோதனையைக் கொடுத்தார். பழுப்புப் புள்ளியை லேசாகத் தேய்த்தால் சில நிமிடங்களில் அந்த இடம் மட்டும் சிவந்து தடிக்கும். பக்கத்துத் தோலுக்கு ஒன்றும் ஆகாது. இதற்கு 'டாரியே அடையாளம்' என்று பெயர். மாஸ்ட் செல் கூட்டத்தைத் தேய்த்து எழுப்பிவிடுகிறோம், அது தன் சரக்கைக் கொட்டுகிறது, அவ்வளவுதான். கருவி வேண்டாம், செலவு இல்லை. இன்றும் தோல் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் புள்ளிகள் அதிகமுள்ள கைக்குழந்தையிடம் இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. ஒரேயடியாகக் கொட்டினால் குழந்தைக்கு ஆபத்து வரலாம்.

இன்னொரு பாதை: நாயும் கடல் உயிரியும்

தோல் மருத்துவர்கள் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வேறு சிலர் வேறு பாதையில் வந்துகொண்டிருந்தார்கள். 1901-இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பெர்ட்டின் ஆராய்ச்சிக் கப்பலில் போல் போர்ட்டியே, ஷார்ல் ரிஷே என்ற இருவர் பயணம் செய்தார்கள். சொறிமுட்டை (ஜெல்லி மீன்) போன்ற ஒரு கடல் உயிரியின் விஷத்தை ஆராய்வது நோக்கம். கரை திரும்பிய பிறகு கடல் அனிமோன் விஷத்தை வைத்து நாய்களிடம் சோதனையைத் தொடர்ந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் உடம்பு பழகிவிடும் என்பது எதிர்பார்ப்பு.

நடந்தது நேர்மாறு. நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கிக்கொண்டது. மூன்று வாரங்களுக்கு மேல் கழித்து 1902-இல் மறுபடி போட்டபோது மூச்சுத் திணறி, வாந்தி எடுத்து, அரை மணி நேரத்துக்குள் செத்துப்போனது. பாதுகாப்புக்கு எதிரானது என்ற பொருளில் இதற்கு 'அனபிலாக்சிஸ்' என்று பெயர் வைத்தார்கள். ரிஷே 1913-இல் நோபல் பரிசு பெற்றார்.

1910-இல் இங்கிலாந்தில் ஹென்றி டேலும் பேட்ரிக் லெய்ட்லாவும் ஹிஸ்டமின் என்ற பொருளை விலங்குகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். இரத்த அழுத்தம் விழுந்தது, மூச்சுக்குழாய் இறுகியது. கிட்டத்தட்ட அனபிலாக்சிஸ் மாதிரியே இருந்தது! 1927-இல் டேல் குழுவினர் ஹிஸ்டமின் நுரையீரலிலும் கல்லீரலிலும் இயற்கையாகவே இருப்பதைக் காட்டினார்கள். அதே காலத்தில் தாமஸ் லூயிஸ் என்ற இதய மருத்துவர் தோலில் கோடு கிழித்தால் முதலில் சிவப்புக் கோடு, பிறகு சுற்றிலும் சிவப்பு, பிறகு தடிப்பு என்று மூன்று படிகளில் மாற்றம் வருவதை விவரித்தார். தோலுக்குள்ளிருந்து ஹிஸ்டமின் மாதிரி ஏதோ ஒன்று வெளிப்படுகிறது என்றார்.

அது எங்கிருந்து வெளிப்படுகிறது என்பது மட்டும் தெரியவில்லை. மாஸ்ட் செல்லைத் தெரிந்தவர்களுக்கு அது எதைக் கொட்டுகிறது என்று தெரியாது. ஹிஸ்டமினைத் தெரிந்தவர்களுக்கு அது எந்தச் செல்லில் இருக்கிறது என்று தெரியாது.

1949: தோலுக்குள் மட்டும் அல்ல

உன்னாவுக்குப் பிறகு அறுபது வருடங்களுக்கும் மேலாக இது ஒரு தோல் நோய் என்றே பெரும்பாலோர் நம்பினார்கள். நோயாளி வயிற்றுவலி என்று சொன்னாலும், மயக்கம் வந்தது என்று சொன்னாலும், தோலில் இருக்கும் புள்ளியோடு அதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

1949-இல் எல்லிஸ் என்பவர் வெளியிட்ட ஒரு பிரேதப் பரிசோதனை அறிக்கை அந்த நம்பிக்கையை உடைத்தது. அர்டிகேரியா பிக்மென்டோசா இருந்த ஒரு குழந்தை இறந்திருந்தது. அதன் உள்ளுறுப்புகளைச் சோதித்தபோது கல்லீரல், மண்ணீரல், நிணநீர்க் கணு, எலும்பு மஜ்ஜை என்று பல இடங்களிலும் மாஸ்ட் செல்கள் நிறைந்திருந்தன. தோலில் தெரிந்தது நோயின் ஒரு ஓரம் மட்டுமே. உயிரோடு இருந்தபோது யாரும் பார்க்காததை, இறந்த பிறகு பார்த்தார்கள்.

1953: இரண்டு பாதைகள் சந்தித்த இடம்

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஜேம்ஸ் ரைலி, ஜெஃப்ரி வெஸ்ட் என்ற இருவர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். உடம்பிலிருந்து ஹிஸ்டமினை வெளியேற்றும் சில மருந்துகள் அப்போது தெரிந்திருந்தன. அவற்றில் ஒன்று புற ஊதா ஒளியில் மினுங்கும். ரைலி அதை எலிகளுக்குப் போட்டு மைக்ராஸ்கோப்பில் தேடினார். மருந்து போய்ச் சேர்ந்த இடம் மாஸ்ட் செல்! அந்தச் செல்கள் சிதைந்து துகள்களைக் கொட்டுவதையும் பார்த்தார். வெஸ்ட் பல திசுக்களில் ஹிஸ்டமினை அளந்தார். எங்கே மாஸ்ட் செல் அதிகமோ அங்கே ஹிஸ்டமினும் அதிகம். 1953-இல் முடிவை வெளியிட்டார்கள்.

எர்லிக் பெயர் வைத்த 1878-இலிருந்து இதற்கு 75 வருடங்கள். அந்தக் குழந்தையின் பழுப்புப் புள்ளியும், நெப்டியூன் நாயின் மரணமும் கடைசியில் ஒரே செல்லில் வந்து சேர்ந்தன. 1966-67 காலத்தில் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டபோது, அலர்ஜியில் மாஸ்ட் செல்லை எழுப்பிவிடுவது எது என்பதும் புரிந்தது.

மருந்துகள் சொல்லிக்கொடுத்த பாடம்

சில நேரம் நோயைப் புரிந்துகொள்ள மருந்தே உதவுகிறது. ரோஜர் ஆல்டுனியன் என்ற மருத்துவருக்கு ஆஸ்துமா இருந்தது. அவருக்குக் கினிப் பன்றி ஒத்துக்கொள்ளாது. அதையே சாதகமாக்கிக்கொண்டார். கினிப் பன்றியின் ரோமச் சாற்றை வேண்டுமென்றே மூச்சில் இழுத்துத் தனக்குத்தானே ஆஸ்துமாவை வரவழைத்து, புதிய மருந்துகள் அதைத் தடுக்கின்றனவா என்று வருடக்கணக்கில் சோதித்தார். மத்தியதரைக் கடல் பகுதியின் ஒரு மூலிகைச் சத்திலிருந்து தொடங்கிய அந்த ஆராய்ச்சி, 1965-இல் சோடியம் குரோமோகிளிகேட் என்ற மருந்தில் முடிந்தது. மாஸ்ட் செல்லைக் கொட்ட விடாமல் தடுக்கும் மருந்து என்று அது பெயர் பெற்றது. பின்னர் அதையே வாய்வழியாகக் கொடுத்தபோது மாஸ்டோசைட்டோசிஸ் நோயாளிகளின் வயிற்றுத் தொல்லை குறைந்தது. வயிற்றுவலிக்கும் காரணம் மாஸ்ட் செல்தான் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

1980-இல் அமெரிக்காவில் இன்னொரு புதிர் விடுபட்டது. சில நோயாளிகளுக்கு ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து கொடுத்தும் முகம் சிவந்து மயக்கம் வருவது நிற்கவில்லை. சோதித்தபோது அவர்கள் உடம்பில் புரோஸ்டகிளாண்டின் டி2 என்ற பொருள் ஏராளமாக உற்பத்தியாவது தெரிந்தது. அதையும் மாஸ்ட் செல்தான் செய்கிறது. ஆகவே ஒரு மருந்து கேட்கவில்லை என்பதால் மட்டும் 'உனக்கு நோயே இல்லை' என்று சொல்லிவிட முடியாது.

1987: நேரம் தவறினால் தடயம் போகும்

இந்த நோயின் பெரிய கஷ்டமே அது வந்து போய்விடுவதுதான். ஹிஸ்டமின் இரத்தத்தில் சில நிமிடங்கள் மட்டுமே தங்கும். டாக்டர் ஊசியை எடுப்பதற்குள் மறைந்துவிடும். சாட்சியே இல்லாத குற்றம் மாதிரி!

அந்தச் சாட்சியைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் ஷ்வார்ட்ஸ். மாஸ்ட் செல்லின் துகள்களில் ஏராளமாக இருக்கும் டிரிப்டேஸ் என்ற நொதியை அவர் 1981-இல் சகாக்களோடு சேர்ந்து பிரித்தெடுத்தார். 1987-இல் அனபிலாக்சிஸ் வந்தவர்களின் இரத்தத்திலும் மாஸ்டோசைட்டோசிஸ் நோயாளிகளின் இரத்தத்திலும் அது உயர்ந்திருப்பதை அவரும் குழுவினரும் காட்டினார்கள். டிரிப்டேஸ் சில மணி நேரம் இரத்தத்தில் தங்கும். முதல் முறையாக, 'எனக்கு வந்தது உண்மைதான்' என்று நிரூபிக்க நோயாளிக்கு ஒரு வழி கிடைத்தது.

அடுத்தது மரபணு. மாஸ்ட் செல் வளர 'கிட்' என்ற ஒரு புரதம் தேவை. அது ஒரு சுவிட்ச் மாதிரி. 1993-லும் 1995-லும் வெளியான ஆய்வுகள், அந்த மரபணுவில் 816-ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்துப் பிழை ஏற்பட்டால் சுவிட்ச் எப்போதும் 'ஆன்' ஆகவே இருந்துவிடும் என்று காட்டின. உடம்பு முழுவதும் பரவும் மாஸ்டோசைட்டோசிஸ் உள்ள பெரியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த டி816வி மாற்றம் இருக்கிறது. இது பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதில்லை, பிறந்த பிறகு ஏதோ ஒரு செல்லில் ஏற்படுவது.

2000-இல் வியன்னாவில் கூடிய நிபுணர்கள் நோயை உறுதி செய்ய விதிகளை வகுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2001-இல் அவற்றை ஏற்றது. எலும்பு மஜ்ஜையில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட மாஸ்ட் செல்கள் கூட்டமாகப் பல இடங்களில் இருப்பது முக்கிய விதி. செல்லின் வடிவம், கிட் மாற்றம், செல்லின் மேல் உள்ள சில அடையாளப் புரதங்கள், 20 நானோகிராமுக்கு மேல் (ஒரு மில்லிலிட்டருக்கு) டிரிப்டேஸ் ஆகியவை துணை விதிகள்.

குளவி கொட்டித் தெரிந்த நோய்

தோலில் புள்ளியே இல்லாமலும் இந்த நோய் இருக்கலாம் என்பது இன்னொரு அதிர்ச்சி. இத்தாலியில் தேனீ, குளவி கொட்டியதால் உடம்பு முழுவதும் பாதிப்பு வந்த 379 பேரைச் சோதித்து 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 44 பேருக்கு டிரிப்டேஸ் இயல்பை விட அதிகம். அந்த 44 பேரில் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு மாஸ்ட் செல் நோய் ஒளிந்திருந்தது. குளவி அலர்ஜி என்று மட்டும் நினைத்திருந்தவர்கள் இவர்கள்.

2010-இல் ஸ்பெயின் மருத்துவர்கள் இன்னொரு குறிப்பைத் தந்தார்கள். சாதாரண அலர்ஜியில் தடிப்பும் அரிப்பும் வீக்கமும் முன்னால் வரும். இந்த நோயாளிகளுக்கோ தடிப்பே இல்லாமல் நேராக மயக்கம் வரும். அதிலும் ஆண்களிடம் இப்படி வந்தால் மாஸ்டோசைட்டோசிஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காணாக்கடி நோயில், காணாக்கடி இல்லாததே ஓர் அறிகுறி!

இன்று எப்படி அடையாளம் காண்பது?

இவ்வளவு வரலாற்றிலிருந்தும் கிடைக்கும் அறிகுறிப் பட்டியல் இது.

1. தோல்: பழுப்பு நிறப் புள்ளிகள், தேய்த்தால் தடித்தல், அரிப்பு, முகமும் மார்பும் சிவத்தல்.
2. வயிறு: பிசையும் வலி, பேதி, வாந்தி, அமில எரிச்சல், குடற்புண்.
3. இதயமும் இரத்த ஓட்டமும்: படபடப்பு, இரத்த அழுத்தம் விழுதல், மயக்கம்.
4. மூச்சு: இழுப்பு, மூக்கடைப்பு, தொண்டை இறுகுதல்.
5. எலும்பு: வலி, இளம் வயதிலேயே எலும்பு தேய்ந்து முறிதல்.

தூண்டிவிடுபவை வெயில், சுடுநீர்க் குளியல், கடும் குளிர், உடற்பயிற்சி, மன உளைச்சல், மது, பூச்சிக்கடி, சில வலி மாத்திரைகள், சில மயக்க மருந்துகள். ஆளுக்கு ஆள் இது மாறும். ஆப்பரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டரிடம் இந்த நோயைச் சொல்லிவிடுவது மிக முக்கியம்.

பட்டியலைப் பார்த்தால் பாதிப் பேருக்குப் பயம் வந்துவிடும். வயிற்றுவலியும் படபடப்பும் யாருக்குத்தான் வரவில்லை? இங்கேதான் வரலாற்றின் மறுபக்கம் வருகிறது. செல்களின் எண்ணிக்கை பெருகாமலே அவை அடிக்கடி கொட்டுவதால் வரும் தொல்லைக்கு 'மாஸ்ட் செல் ஆக்டிவேஷன் சிண்ட்ரோம்' என்று பெயர். நிபுணர்கள் 2010-இல் மறுபடி வியன்னாவில் கூடிப் பேசி, 2012-இல் இதற்கு மூன்று நிபந்தனைகளை வெளியிட்டார்கள். ஒன்று, குறைந்தது இரண்டு உறுப்புகளில் ஒரே நேரத்தில், திரும்பத் திரும்ப அறிகுறி வர வேண்டும். இரண்டு, அந்த நேரத்தில் டிரிப்டேஸ் உயர வேண்டும். மூன்று, மாஸ்ட் செல்லுக்கான மருந்தில் குணம் தெரிய வேண்டும்.

டிரிப்டேஸ் கணக்கு எளிது. நன்றாக இருக்கும் நாளில் எடுத்த அளவில் 20 சதவீதத்தைக் கூட்டி, அதோடு இன்னும் 2 கூட்ட வேண்டும். சாதாரண அளவு 5 என்றால், 6 ஆகி, பிறகு 8 ஆகும். அறிகுறி வந்த நான்கு மணி நேரத்துக்குள் எடுத்த இரத்தத்தில் 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் மாஸ்ட் செல் கொட்டியிருக்கிறது என்று பொருள். ஆகவே ஒரு முறை மட்டும் எடுத்த இரத்தம் போதாது. இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

இந்த நிபந்தனைகள் கடுமையானவை என்று சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் மக்களில் 17 சதவீதம் பேருக்கு வரை இந்தத் தொல்லை இருக்கலாம் என்றார்கள். எதிர்த்தரப்பு, எல்லாவற்றையும் மாஸ்ட் செல் தலையில் போட்டால் உண்மையான வேறு நோய் தப்பிவிடும் என்கிறது. முகம் சிவந்து பேதி வருவதற்குச் சில அரிய கட்டிகளும் காரணமாகலாம், படபடப்புக்குத் தைராய்டு காரணமாகலாம். 2016-இல் இன்னொரு சிக்கலும் தெரிந்தது. சில குடும்பங்களில் டிரிப்டேஸ் மரபணுவே கூடுதலாக இருப்பதால், பிறவியிலேயே அந்த அளவு அதிகமாக இருக்கும். அவர்களில் பலருக்கு ஒரு தொல்லையும் இல்லை!

அன்று ஒருவருமே சந்தேகிக்காதது தவறு. இன்று சோதிக்காமலே முத்திரை குத்துவதும் தவறுதான்.

அடையாளம் கண்டால் என்ன பயன்?

பயன் இருக்கிறது. குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் தோலோடு நின்று, வளர வளரக் குறைந்துவிடும். இதைச் சொன்னாலே பெற்றோர் நிம்மதியாகத் தூங்குவார்கள். பெரியவர்களுக்கு ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள், குரோமோகிளிகேட் எனப் பல வழிகள் உண்டு. திடீர் ஆபத்துக்கு அட்ரினலின் ஊசி கையில் இருக்க வேண்டும். குளவிக்கடியில் மயங்கியவர்களுக்கு அந்த விஷத்துக்கான தடுப்பூசிச் சிகிச்சை உயிர் காக்கும். கிட் சுவிட்சை அணைக்கும் மருந்துகளும் வந்துவிட்டன. தீவிர வகைக்கு மிடோஸ்டாரின் 2017-இலும் அவப்ரிடினிப் 2021-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 2023-இல் அவப்ரிடினிப் மெதுவாகப் போகும் வகைக்கும் அனுமதிக்கப்பட்டது.

1869-இலிருந்து பார்த்தால், இந்த நோயில் முன்னேற்றம் வந்தது தனித்தனியாகக் கிடந்த இரண்டு விஷயங்களை யாரோ ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான். புள்ளியையும் செல்லையும் உன்னா சேர்த்தார். தோலையும் உள்ளுறுப்பையும் எல்லிஸ் சேர்த்தார். செல்லையும் ஹிஸ்டமினையும் ரைலியும் வெஸ்ட்டும் சேர்த்தார்கள். அறிகுறியையும் நேரத்தையும் ஷ்வார்ட்ஸின் சோதனை சேர்த்தது.

நோயாளியும் அதைச் செய்யலாம். என்று வந்தது, எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன சாப்பிட்டார், எங்கெல்லாம் தொல்லை, எவ்வளவு நேரம் இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி, தடிப்பு இருக்கும்போதே ஒரு போட்டோவும் எடுத்து வைத்தால், அதை எல்லா டாக்டரிடமும் காட்டலாம். தோல் டாக்டரும் வயிற்று டாக்டரும் இதய டாக்டரும் அப்போது ஒரே தாளைப் பார்ப்பார்கள். "மனக்கவலைதான்" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு டிரிப்டேஸ் சோதனை எழுதிக் கொடுக்க அந்த ஒரு தாள் போதும்.